தாரீன் எதையும் தியாகம் செய்யவில்லை

கொஞ்ச நாள் முன்னால் ஒரு நண்பன் வாட்ஸப்பில் ஒரு ரீல்ஸ் அனுப்பினான். தொலைக்காட்சி ஸ்டூடியோ, நரைத்த முடியோடு ஒருவர், பின்னால் சோகமான பியானோ. கீழே தமிழில் கொட்டை எழுத்து: ‘ஹாலிவுட்டையே தூக்கி எறிந்த மனிதன்’. நண்பன் மூன்று தீ எமோஜி போட்டு, ‘மனுஷன்டா’ என்று எழுதியிருந்தான்.

‘இவர் யாருன்னு தெரியுமா?’ என்று கேட்டேன்.

‘தெரியாது. ஆனா செம மெசேஜ்.’

அந்த மனிதரின் பெயர் ரிக்கார்தோ தாரீன். அர்ஜென்டினாக்காரர். ஸ்பானிய மொழிப் படங்களைக் கொஞ்சமாவது பார்த்தவர்கள் அவர் முகத்தைத் தவறவிட்டிருக்க வாய்ப்பே இல்லை. ஐம்பது வருடமாக நடிக்கிறார். அந்த ஐம்பது வருடத்திலிருந்து நம் கைக்கு வந்து சேர்ந்தது ஒரு பேட்டியின் இரண்டு நிமிடத் துண்டு. அதையும் தப்பாகப் படிக்கிறோம் என்பதுதான் என் சண்டை.

பேட்டி 2013இல் நடந்தது. எடுத்தவர் அலெஹாந்த்ரோ ஃபன்தீனோ. டென்சல் வாஷிங்டன் நடித்து டோனி ஸ்காட் இயக்கிய படத்தில் தாரீனுக்கு ஒரு வேடம் வந்திருக்கிறது. மெக்சிகப் போதைக் கடத்தல்காரன். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்கிறார் ஃபன்தீனோ. போதைப் பொருளை அதிகமாக வாங்கி நுகர்கிற நாடு அமெரிக்கா. ஆனால் படத்தில் கடத்துகிறவன் மட்டும் எப்போதும் லத்தீன் அமெரிக்கனா என்பது தாரீன் சொன்ன முதல் காரணம். ஃபன்தீனோ விடவில்லை. நிறையப் பணம் வருமே, இன்னும் நன்றாக வாழலாமே என்கிறார். எதைவிட நன்றாக, என்று தாரீன் திருப்பிக் கேட்கிறார். ஒரு நாளைக்கு இரண்டு தடவை வெந்நீரில் குளிக்கிறேன், பிடித்த வேலையைச் செய்கிறேன், தெருவில் போனால் ஜனங்கள் அன்பாக இருக்கிறார்கள், இதற்கு மேல் என்ன வேண்டும் என்கிறார்.

ரீல்ஸ் இந்த வெந்நீரை மட்டும் எடுத்துக்கொண்டது. போதை வியாபாரம் பற்றிய கேள்வியைக் காணோம். கடைசியில் மிஞ்சியது ஆசையை அடக்கிய ஒரு சித்தர். தியாகி.

தியாகம் என்று எப்போது சொல்வோம்? பெரியதை விட்டுச் சிறியதை எடுத்துக்கொண்டால். ஆக, இந்தப் பாராட்டுக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: ஹாலிவுட் மேலே, புவனோஸ் ஐரிஸ் கீழே. அவரைப் பாராட்டுகிற சாக்கில் அவர் எந்த ஏணியில் ஏற மறுத்தாரோ அதே ஏணியை நட்டுவைக்கிறோம். எந்த நடிகரைப் பற்றி எழுதினாலும் ‘இன்ன நாட்டின் அல் பச்சினோ’ என்று ஆரம்பிக்கிற வியாதியும் இதுதான். அல் பச்சினோவை யாரும் ‘அமெரிக்காவின் தாரீன்’ என்று சொல்வதில்லை. ஏன் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

சரி, அவர் உண்மையில் எதை வேண்டாம் என்றார், எதை வைத்துக்கொண்டார் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அந்த டோனி ஸ்காட் படம் வெளியான ஆண்டு 2004. அதே 2004இல் ஹாலிவுட்டிலிருந்து ‘கிரிமினல்’ என்று ஒரு படம் வந்தது. அது தாரீன் நடித்த ‘ஒன்பது ராணிகள்’ படத்தின் ரீமேக். புவனோஸ் ஐரிஸ் தெருக்களில் ஒரே நாளில் நடக்கிற கதையை லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தாரீன் செய்த வேடத்தில் ஜான் சி. ரைலி. அதாவது அவருடைய கதை அவர்களுக்கு வேண்டும். அந்தக் கதையில் அவர் முகம் வேண்டாம். அந்த முகம் போதைக் கடத்தல்காரனுக்குத்தான் சரிப்படும். இந்தக் கணக்கில் ‘வாய்ப்பு’ எங்கே இருக்கிறது?

இன்னொன்று, அவருடைய ஸ்பானிஷ் புவனோஸ் ஐரிஸ் ஸ்பானிஷ். ‘நான்’ என்பதற்கு மற்றவர்கள் ‘யோ’ என்றால் இவர்கள் ‘ஷோ’ என்பார்கள். ‘நீ’ என்பதற்கு வேறு சொல், வினைச்சொல்லின் விகுதி வேறு, ராகமே வேறு, கிட்டத்தட்ட இத்தாலிய ராகம். அவரைக் கூப்பிட்டு மெக்சிகனாக நடி என்பது, ‘ரெண்டும் தமிழ்தானே’ என்று யாழ்ப்பாணத்துக்காரரைக் கூப்பிட்டு மதுரைக்காரராகப் பேசச் சொல்வது மாதிரி. பேசலாம்தான். ஆனால் அவருடைய ஆயுதம் கையைவிட்டுப் போய்விடும்.

தாரீனின் ஆயுதம் பேச்சு. ‘ஒன்பது ராணிகள்’ படத்தின் மார்கோஸை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் தெருவில் நின்று, அதோ பார், இதோ பார் என்று இளையவனுக்கு நகரத்தின் திருடர்களை ஒவ்வொருவராகக் காட்டுகிறான். சாதாரணமாக நின்றவர்கள், நடந்தவர்கள் எல்லாரும் ஒரே நிமிடத்தில் சந்தேகத்துக்குரியவர்கள் ஆகிவிடுகிறார்கள். மார்கோஸின் வாய் ஓடுகிற வேகத்தில்தான் அந்த மாயம் நடக்கிறது. சப்டைட்டில் அர்த்தத்தைத் தரும். வேகத்தைத் தராது. டப்பிங் அதையும் கொன்றுவிடும்.

அப்புறம் 2009இல் வந்த ‘அவர்களின் கண்களில் ஒரு ரகசியம்’. 2010இல் அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. இயக்குநர் ஹுவான் ஹோசே கம்பனெய்யா. தாரீன் ஓய்வுபெற்ற நீதிமன்ற அலுவலர் எஸ்போசீத்தோ. அவரிடம் இருக்கிற பழைய தட்டச்சு இயந்திரத்தில் ‘அ’ எழுத்து விழாது. பாதித் தூக்கத்தில் ஒரு தாளில் ‘தேமோ’ என்று எழுதி வைக்கிறார்: ‘பயப்படுகிறேன்’. கடைசியில் விழாத அந்த எழுத்தைத் தன் கையால் நடுவில் சேர்க்கிறார். ‘தே ஆமோ’ ஆகிறது: ‘உன்னைக் காதலிக்கிறேன்’. ஒரு மனிதன் இருபத்தைந்து வருடம் வாயைத் திறக்காமல் இருந்ததற்கான காரணமும் அதற்கான மருந்தும் ஒரே ஒரு எழுத்தில் இருக்கிறது. அந்த மொழியில் மட்டும்தான் இது முடியும்.

அதே படத்தில் லிஃப்ட் காட்சி. கொலைகாரன் என்று நிரூபித்து உள்ளே தள்ளிய கோமெஸ் வெளியே வந்துவிட்டான். 1970களின் நடுப்பகுதி, இடதுசாரிகளை வேட்டையாட அரசுக்கு இப்படிப்பட்டவர்கள் தேவைப்படுகிறார்கள். எஸ்போசீத்தோவும் அவருடைய மேலதிகாரி இரேனேயும் லிஃப்டில் நிற்கிறார்கள். கோமெஸ் உள்ளே வருகிறான், துப்பாக்கியை எடுத்து நிதானமாகத் தயார்படுத்துகிறான். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தாரீன் நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், அவ்வளவுதான். வாய்ச்சவடாலை நம்பிப் பிழைக்கிற நடிகர் என்று அவரைச் சொல்கிறவர்கள் அந்தக் கழுத்தைப் பார்க்க வேண்டும். ஒரு நாடு எப்படி வாயை மூடிக்கொண்டது என்பது அந்தக் கழுத்தில் தெரியும்.

2015இல் ஹாலிவுட் இதையும் ரீமேக் செய்தது. ஜூலியா ராபர்ட்ஸ், நிக்கோல் கிட்மேன், சிவெட்டெல் எஜியோஃபோர். பெரிய பெரிய ஆட்கள். அர்ஜென்டினாவின் கொலைப்படைகள் இருந்த இடத்தில் செப்டம்பர் 11க்குப் பிந்தைய பயங்கரவாதத் தடுப்புப் பிரிவைப் பொருத்தினார்கள். கதை நகர்கிறது, திருப்பம் வருகிறது, எல்லாம் இருக்கிறது. அந்த லிஃப்டில் இருந்த பயம் மட்டும் இல்லை. நல்ல நடிகர்களைப் போட்டால் எதையும் எங்கேயும் எடுக்கலாம் என்கிறவர்கள் இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

இதுதான் அவர் வைத்துக்கொண்டது. தன் மொழி, தன் ஊர், தன் முகத்தைப் பார்த்ததும் மீதிக் கதையைப் புரிந்துகொள்கிற ஜனம். இதை விட்டுவிட்டு இரண்டு காட்சியில் சுட்டுச் சாகிற வேடத்துக்குப் போயிருந்தால்தான் அது தியாகம்.

இனி ரீல்ஸ் சொல்லாத இன்னொரு பக்கம். இது எனக்கு இன்னும் முக்கியம்.

தாரீன் திடீரென்று வானத்திலிருந்து குதித்த கலைஞர் கிடையாது. அப்பா, அம்மா இருவரும் நடிகர்கள். பத்து வயதில் அவர்களோடு மேடை ஏறினார். வாலிபத்தில் தொலைக்காட்சித் தொடர்களில் அழகுப் பையன். அப்படிப்பட்ட இளம் நடிகர்களின் கூட்டத்தை அங்கே ‘கலான்சீத்தோஸ்’ என்றார்கள். ‘குட்டி ஹீரோக்கள்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கொஞ்சம் நக்கலும் உண்டு. 1993 முதல் 1996 வரை ‘என் மைத்துனன்’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர், லூயிஸ் பிராந்தோனியோடு. இன்றைக்கு யாராவது சீரியல் நடிகர் என்றால் உதட்டைச் சுழிக்கிற இலக்கிய நண்பர்கள் அப்போது புவனோஸ் ஐரிஸில் இருந்திருந்தால் இவரையும் அப்படித்தான் கடந்து போயிருப்பார்கள்.

‘ஒன்பது ராணிகள்’ வந்தது 2000இல். அப்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது. உலகம் ‘கண்டுபிடித்த’ தாரீன், அதற்கு முன்னால் முப்பது வருடம் வீட்டு வரவேற்பறைகளில் இருந்தவர். அந்த நெருக்கத்தைத்தான் இயக்குநர் ஃபாபியான் பியெலின்ஸ்கி பயன்படுத்தினார். தெரிந்த பையன், பிடித்த பையன், வீட்டுப் பையன். அவனைப் போய்ப் பச்சைத் துரோகியாக்கினார். ஜனம் ஆடிப்போனது. சீரியல் இல்லாமல் மார்கோஸ் இல்லை.

பியெலின்ஸ்கி இரண்டே முழுநீளப் படங்கள் எடுத்துவிட்டு 2006இல், நாற்பத்தேழு வயதில் மாரடைப்பில் செத்துப்போனார். இரண்டிலும் தாரீன். இரண்டாவது ‘எல் ஆவுரா’. அதில் தாரீன் வலிப்பு நோய் உள்ள, செத்த மிருகங்களைப் பாடம் செய்கிற ஆள். பேச்சே கிடையாது. ‘எல்லாப் படத்திலும் ஒரே தாரீன்தான்’ என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. மார்கோஸையும் இந்த ஆளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது நிற்காது. லூசியா புவென்சோவின் ‘எக்ஸ் எக்ஸ் ஒய்’ படத்தில் இடைப்பால் குழந்தையின் அப்பாவாக வருகிறவரையும் சேர்த்து வைத்தால் சுத்தமாக நிற்காது.

ஆனால் அந்தக் குற்றச்சாட்டில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அவர் திரும்பத் திரும்ப ஒரே வர்க்கத்து ஆளைச் செய்கிறார்: கடனில் மூழ்கிய நகரத்து நடுத்தர வர்க்கத்தான். ‘மணமகளின் மகன்’ (2001) படத்தில் உணவகத்தைக் காப்பாற்ற ஓடுகிறவன். ‘அவெய்யானேதாவின் நிலா’ (2004) படத்தில் கடனில் மூழ்கும் பேட்டை மன்றத்தின் உறுப்பினன். ‘காட்டுக் கதைகள்’ (2014) படத்தில், இழுத்துக்கொண்டு போன காருக்கு அபராதம் கட்டிக் கட்டி மகளின் பிறந்தநாளைத் தவறவிட்டு, கடைசியில் வெடி வைக்கிற பொறியாளன். அர்ஜென்டினாவின் சேரிகளும் பூர்வகுடிகளும் இந்த முகத்தில் இல்லை. ‘வெள்ளை யானை’ படத்தில் சேரிக்குள் போகிறார், அதுவும் பாதிரியாராக. இதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அந்த ஒரு வர்க்கத்தை அவர் எவ்வளவு ஆழமாகத் தோண்டினார் என்பதையும் பாருங்கள். ‘ஒன்பது ராணிகள்’ கடைசியில் ஒரு வங்கி மூடுகிறது. ஜனம் கதவைத் தட்டுகிறது. படம் வந்த அடுத்த வருடம், 2001 டிசம்பரில், அர்ஜென்டினாவில் நிஜமாகவே சேமிப்பை முடக்கினார்கள். ஜனம் நிஜமாகவே கதவைத் தட்டியது. 2019இல் ‘ஏமாளிகளின் பயணம்’ என்று ஒரு படம். அதே 2001 முடக்கத்தில் பணத்தைப் பறிகொடுத்த ஊர்க்காரர்கள் அதைத் திரும்பத் திருடுகிறார்கள். அதில் தாரீன் ஏமாந்தவர்களில் ஒருவர். பத்தொன்பது வருட இடைவெளியில் ஒரே நெருக்கடியின் இரண்டு பக்கத்திலும் நின்று நடித்திருக்கிறார், முதலில் ஏமாற்றுக்காரனாக, பிறகு ஏமாளியாக. லாஸ் ஏஞ்சலிஸில் வீடு வாங்கிப் போனவரால் இதைச் செய்ய முடியாது.

சரி, இவ்வளவு படங்களும் எப்படி எடுக்கப்பட்டன? ரீல்ஸ் பார்க்கிற யாரும் கேட்காத கேள்வி இது. 1994இல் அர்ஜென்டினா தன் சினிமாச் சட்டத்தைத் திருத்தியது. ஒவ்வொரு டிக்கெட்டிலும் பத்து சதவீதம் சினிமா நிதிக்குப் போகும். ஹாலிவுட் படத்தின் டிக்கெட்டிலும்தான். தொலைக்காட்சி நிறுவனங்கள் கட்டுகிற தொகையிலிருந்தும் ஒரு பங்கு வரும். அந்த நிதி இன்கா என்கிற தேசியத் திரைப்பட நிறுவனத்தின் வழியாகப் புதிய படங்களுக்குப் போகும். தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே ஒரு புது அலை கிளம்பியதற்கு இது பெரிய காரணம். எல்லாப் படமும் இந்தக் காசில்தான் வந்தது என்று சொல்லவில்லை; ‘ஒன்பது ராணிகள்’ ஒரு திரைக்கதைப் போட்டியில் வென்று, தயாரிப்பு நிறுவனங்களின் பணத்தில் வந்தது. ஆனால் கேமராமேன், எடிட்டர், ஒலிப்பதிவாளர் எல்லாரும் வருடம் முழுக்க வேலையில் இருக்கிற ஒரு தொழில் அங்கே உயிரோடு இருந்தது. ‘வேண்டாம், நான் இங்கேயே இருக்கிறேன்’ என்று சொல்ல முதலில் ‘இங்கே’ என்று ஒன்று இருக்க வேண்டுமே.

இந்த இடத்தில் ரீல்ஸ் மேல் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. ஒரு மனிதனின் மறுப்பை அவனுடைய தனிப்பட்ட மனவலிமையாகச் சுருக்கிவிடுகிறது. ‘ஆசைப்படாதே, உள்ளதைக் கொண்டு திருப்தியாக இரு.’ முதலாளிகளுக்கு இதைவிடச் சௌகரியமான உபதேசம் உண்டா? தாரீனே அந்தப் பேட்டியில் தன்னை அதிர்ஷ்டக்காரர்களில் ஒருவராகத்தான் சொல்கிறார். வெந்நீர் வராத வீடுகள் இருக்கின்றன என்று தெரிந்தவர் பேசுகிற பேச்சு அது. அதை எடுத்து வெந்நீர் இல்லாதவனுக்கே உபதேசமாக அனுப்புகிறோம்.

2023 டிசம்பரில் ஹாவியேர் மிலேய் அதிபரானார். இன்காவின் செலவுகள் வெட்டப்பட்டன, ஊழியர்கள் வெளியேற்றப்பட்டார்கள், திரைக்கலைஞர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். தாரீனுக்கு ஒன்றும் ஆகாது. 2022இல் வந்த ‘அர்ஜென்டினா, 1985’ படத்துக்குப் பின்னால் அமேசான் இருந்தது. 2025இல் வந்த ‘எல் எதெர்னாவ்தா’ தொடருக்குப் பின்னால் நெட்ஃப்ளிக்ஸ். ‘பாத்தியா, அரசுப் பணம் எதுக்கு? தளங்கள்தான் இருக்கே’ என்று யாராவது சொல்லலாம். தளம், தயாராக இருக்கிற தாரீனைத்தான் வாங்கும். முப்பது வருடம் சீரியலிலும் மேடையிலும் சின்னப் படங்களிலும் ஓர் ஆளை வளர்க்கிற பொறுமை அதற்குக் கிடையாது. இன்றைக்குப் பத்து வயதில் மேடை ஏறுகிற பையனுக்கு நாற்பத்து மூன்று வயதில் ஒரு பியெலின்ஸ்கி கிடைப்பாரா என்பதுதான் கேள்வி.

அந்த இரண்டு கடைசி வேலைகளைப் பற்றியும் கொஞ்சம். ‘அர்ஜென்டினா, 1985’ ராணுவ ஆட்சியின் ஒன்பது தளபதிகள் மேல் நடந்த வழக்கு. தாரீன் அரசு வழக்கறிஞர் ஹூலியோ ஸ்த்ராசேரா. தன் வீரத்தில் தனக்கே நம்பிக்கை இல்லாத, வீட்டில் எரிந்து விழுகிற, நடுத்தர வயது அரசு ஊழியர். படம் அரசியலைச் சுருக்கிவிட்டது, அதிபர் அல்ஃபோன்சீனுக்கு உரிய இடத்தைத் தரவில்லை என்று அங்கேயே விமர்சனம் வந்தது. எனக்கும் அது சரி என்றே படுகிறது. ஆனால் காவல்துறைக் காருக்குள் பிரசவித்த பெண் சாட்சி சொல்கிற இடத்தில் தாரீன் எதையும் ‘நடிக்காமல்’ கேட்டுக்கொண்டிருக்கிறாரே, அதைச் செய்யப் பெரிய நட்சத்திரங்களுக்கு மனசு வராது.

‘எல் எதெர்னாவ்தா’ ஒரு காமிக்ஸிலிருந்து வந்தது. புவனோஸ் ஐரிஸ் மேல் பனி விழுகிறது, பட்டால் சாவு. தனி ஹீரோ யாரும் காப்பாற்றுவதில்லை. கூட்டமாக நின்றுதான் பிழைக்க வேண்டும். காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது 1957இல். தாரீன் பிறந்ததும் அதே வருடம். அதை எழுதிய எக்தோர் ஹெர்மான் ஓஸ்தர்ஹெல்டை 1977இல் ராணுவம் கடத்தியது. அவருடைய நான்கு மகள்களையும் அதே ஆட்சி கொன்றது. வழக்கறிஞர் ஸ்த்ராசேராவாக நடித்தவர், மூன்று வருடத்தில் அந்த ஆட்சி அழித்த எழுத்தாளனின் கதாநாயகனாக வருகிறார். இதை ‘கரியர் சாய்ஸ்’ என்று சொல்லி முடித்துவிடலாமா?

அவரைப் புனிதராக்கவும் எனக்கு இஷ்டமில்லை. 2018இல், அவரோடு மேடையில் நடித்த வலேரியா பெர்துச்செல்லி, அவர் தன்னை நடத்திய விதத்தால்தான் நாடகத்திலிருந்து விலகியதாகப் பொதுவில் சொன்னார். தாரீன் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் அந்த ரீல்ஸைப் பகிர்கிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு பகிரட்டும். கலைஞனை மதிக்க அவனைக் கோயிலில் வைக்க வேண்டியதில்லை.

இன்னொரு விஷயத்தில் மட்டும் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. 2013இல் அதிபர் கிறிஸ்டினா கிர்ச்னரின் சொத்து எப்படி வளர்ந்தது என்று யாராவது விளக்கினால் தேவலை என்றார். அதிபரே நீளமாகக் கடிதம் எழுதிப் பதில் சொன்னார். 2025இல் மிர்த்தா லெக்ராந்தின் தொலைக்காட்சி விருந்தில் உட்கார்ந்து, ஒரு டஜன் எம்பனாதா 48,000 பேசோ விற்கிறது என்றார். எம்பனாதா என்றால் நம் சோமாசி மாதிரி, உள்ளே கறி வைத்தது. மிலேயின் பொருளாதார அமைச்சர் அவரைச் சின்னப் பையனைக் கூப்பிடுவது போல ‘ரிக்கார்தீத்தோ’ என்று கிண்டலடித்தார். இடதுபக்கம் ஆண்டபோதும் வலதுபக்கம் ஆண்டபோதும் ஏச்சு வாங்கியிருக்கிறார். கட்சி ஆரம்பிக்கவில்லை. விலை கேட்டார், அவ்வளவுதான். அவர் நடித்த அந்த நடுத்தர வர்க்கத்தான் கேட்கிற அதே கேள்வி.

நண்பனுக்கு நான் அந்த ரீல்ஸுக்குப் பதிலாக ஒன்றும் நீளமாக எழுதவில்லை. ‘ஒன்பது ராணிகள் பாரு. டப்பிங் வேணாம், ஸ்பானிஷ்லயே பாரு’ என்று மட்டும் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.

‘டேய், இந்த ஆளையா நீங்க எல்லாம் சித்தர்ங்கறீங்க? தங்கச்சியையே ஏமாத்துறான்டா.’

அந்த இடத்திலிருந்து ஆரம்பித்தால் போதும்.